பைபர் பாடி ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிப்பது: பெங்களூரிலிருந்து கேள்வியும் பதிலும்

அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சான் ஸ்டார்ம் கார் மூன்று ஆண்டுகள் கழற்றிப்போட்ட நிலையில் கிடந்தது. போன தீபாவளிக்கு அதை ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்களும் பழைய கார் வாங்கலாமா என்று யோசிக்கும் பையன்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. எஞ்சின் வேலையைப் பற்றி இங்கே எழுதவில்லை. பாடியும் உள்வேலையும் மட்டும்தான்.

சான் ஸ்டார்ம் என்பது என்ன கார்? வெளிநாட்டு வண்டியா?

இல்லை, நம்மூர் வண்டி. பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் 1990களின் கடைசியில் கொண்டுவந்த இரண்டு சீட் கார் அது. கோவாவில் தயாரானது. பைபர் கிளாஸ் பாடி, 1149 சிசி ரெனோ எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது வேகமான கார் இல்லை. ஆனால் எடை குறைவு, ரோட்டை ஒட்டி உட்காருகிறோம், மேலே திறந்த வானம். நந்தி மலைப் பக்கம் காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பைபர் பாடி கார் பெங்களூருக்குப் புதிதும் இல்லை. 1980களில் இங்கே சிபானி நிறுவனம் செய்த டால்பினும் பைபர் பாடிதான். சோழவரம் கார்ப் பந்தயங்களைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு பானட்டிலிருந்து டிக்கி வரை ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பைபர் "டிக், டிக்" என்று கூர்மையாகச் சொல்லும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் "டொப்" என்று அமுங்கும். பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு, கனமாக ஏறிய இடத்திலும் அப்படித்தான். என் காரில் இடது பக்க முன் ஃபெண்டர் முழுக்க அப்படி அமுங்கியது. அந்த இடங்களை மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் காரின் முழு வரலாறும் டேப்பில் தெரிந்துவிடும்.

இரும்பு பாடி காரில் இந்த வேலையைக் காந்தமும் பெயிண்ட் தடிமன் மீட்டரும் செய்யும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். 300ஐத் தாண்டினால் மறு பெயிண்ட் அல்லது பட்டி. பைபரில் காந்தம் ஒட்டாது, சாதாரண மீட்டரும் வேலை செய்யாது. அதனால்தான் நாணயம்.

பைபர்தான் துருப்பிடிக்காதே, அப்புறம் என்ன கவலை?

பைபர் துருப்பிடிக்காது. அதற்குக் கீழே இருக்கும் இரும்புச் சட்டம் பிடிக்கும். மேலே பளபளவென்று இருப்பதால் யாரும் கீழே குனிந்து பார்ப்பதில்லை, ஆபத்தே அதுதான். காரை லிப்டில் ஏற்றி, பாடி சட்டத்தோடு போல்ட் ஆகும் இடங்கள், கதவுக் கீல் பதியும் தகடு, சீட் பெல்ட் கொக்கி மாட்டும் இடம் இவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதன் மேல் ரெட் ஆக்ஸைடு அடித்து மூடுவது வேலை இல்லை. வெல்டிங் செய்யும்போது பைபருக்கும் சட்டத்துக்கும் இடையில் ஈரக் கோணி வையுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் தண்ணீரோடு நிற்கட்டும். பைபரில் இழைகளைப் பிடித்திருக்கும் ரெசின் என்ற பிசின் தீப்பிடித்தால் நிற்காமல் எரியும்.

இன்னொன்று எர்த். இரும்புக் காரில் பாடியே எர்த் ஒயர். பைபரில் மின்சாரம் போகாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் சட்டம் வரை போக வேண்டும். இன்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப் மங்குகிறது, பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட் துடிக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை துருப்பிடித்த எர்த் முனைதான். முனையைத் தேய்த்து, புது லக் வைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவினால் தீரும்.

விரிசல்களுக்குப் பட்டி பார்த்து மூடிவிடலாமா?

கூடாது. ஆறு மாதத்தில் அதே கோடு புதுப் பெயிண்டிலும் வரும்.

பைபரில் மேலே ஜெல்கோட் என்ற கெட்டியான தோல், அதன் கீழே கண்ணாடி இழையும் ரெசினும். எங்கேயாவது அடிபட்டாலும், போல்ட் அளவுக்கு மேல் முறுக்கப்பட்டாலும், நட்சத்திரம் மாதிரி மெல்லிய கோடுகள் கிளம்பும். கோடு மேலே தெரிந்தாலும் அந்த இடம் வளைந்து கொடுக்கிறது என்பதுதான் நோய். வளைவை நிறுத்தாமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது.

சரியான முறை இது. பின்பக்கம் கை போகும்படி எல்லாவற்றையும் கழற்றி, அங்கே சுரண்டிச் சுத்தம் செய்து, சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பை இரண்டு மூன்று அடுக்கு ரெசினோடு ஒட்டிப் பலப்படுத்துங்கள். அது காய்ந்த பிறகு முன்பக்கம் கோட்டைக் கிரைண்டரால் அகலமாக, சரிவாகத் திறந்து நிரப்புங்கள். உடைந்து ஓட்டையே ஆகியிருந்தால் சரிவு இன்னும் நீளமாக வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுற்றிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் சரிவு கொடுத்தால் புது இழை பழையதைக் கெட்டியாகப் பிடிக்கும். பட்டி கடைசியில், மேடு பள்ளம் சமன் செய்ய மட்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் கீழே வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கடையில் ரெசின், அதைக் கெட்டியாக்கும் கோபால்ட், கேட்டலிஸ்ட் என்று மூன்று தனித்தனி பாட்டில் கொடுப்பார்கள். முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும், சொட்டு அளவில்கூடச் சேர்க்கக் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு போதும். ஜனவரி காலைக் குளிரில் காய மறுக்கிறதே என்று அதிகம் ஊற்ற வேண்டாம். பத்து மணி வெயிலுக்குக் காத்திருங்கள்.

பெயிண்ட் எப்போது, எப்படி அடிப்பது?

பெங்களூரில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அடியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் வேண்டாம். இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன்.

முதல் முறை ஒரு பெயிண்டரிடம் விட்டேன். பழைய பெயிண்டை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தார், இரண்டு நாள் மழை பெய்தது, மூன்றாம் நாள் பிரைமர் அடித்துவிட்டார். வண்டி வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்து வாரம் கழித்து ஒரு மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்க்கிறேன், பானட் முழுக்கக் கடுகு அளவில் கொப்புளங்கள். ஒன்றைக் குண்டூசியால் குத்தினேன், உள்ளிருந்து ஒரு துளித் தண்ணீர் எட்டிப் பார்த்தது. தேய்த்தபோது திறந்த இழைகள் தண்ணீரைக் குடித்துவிட்டன. அது வெளியே வர வழி இல்லாமல் பெயிண்டைத் தூக்கிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி தேய்த்து எடுத்தோம்.

இரண்டாம் முறை வில்சன் கார்டன் பக்கம் ஒரு மேஸ்திரி. வயதானவர், இன்னும் பெயிண்டை "டூகோ" என்றுதான் சொல்வார். வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது குடிச்சிருக்கு. பத்து நாள் வெயில்ல போடு, அப்புறம் பேசலாம்" என்றார். பத்து நாள் மொட்டைப் பாடியாக வெயிலில் வைத்தோம். பிறகுதான் எபாக்சி பிரைமர், அதன் மேல் டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் ரகம்) சர்பேசர், 320, 400, 600 நம்பர் பேப்பர் என்று கட்டை வைத்துத் தேய்ப்பு, பேஸ் கோட், கிளியர் மூன்று கை. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் ஒரு டியூப் லைட்டைப் பாடிக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்து, அதன் பிம்பத்தைப் பார்ப்பார். கதவிலிருந்து பின் ஃபெண்டர் வரை அந்த வெள்ளைக் கோடு நேராக ஓட வேண்டும். ஓரிடத்தில் நெளிந்தால் மறுபடி கட்டை. இடது ஃபெண்டரில் மட்டும் நான்கு நாள் அந்தக் கோட்டைத் துரத்தினார்.

பைபருக்கென்று சில விலக்குகள் உண்டு. பெயிண்ட் ரிமூவர் தடவக் கூடாது, அது ரெசினையும் தின்னும். மணல் பிளாஸ்டிங் கூடாது. பெயிண்ட் காயவைக்கும் பூத் அறையில் சுடும்போது 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்கள் வெயிலில் அதிகம் சூடாகும், நாளடைவில் உள்ளே இருக்கும் இழையின் நெசவு மேலே தெரிய ஆரம்பிக்கும். வெளிர் நிறம் இதில் பாதுகாப்பு.

டூ-கே பெயிண்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும், துணியைக் கட்டிக்கொண்டால் தடுக்காது. மேஸ்திரியின் பட்டறையில் வேலை செய்யும் பையன்களுக்கும் சரியான மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கார் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை.

நிறத்தை மாற்றலாமா?

மாற்றலாம், ஆர்.சி.யில் பதிய வேண்டும். முதலில் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டு அடியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆலிவ் பச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121படி அது ராணுவ வண்டிகளுக்கு உரியது.

பெயிண்டுக்குப் பதிலாக ராப் (கார் மேல் ஒட்டும் வண்ண ஃபிலிம்) ஒட்டினால்?

கீழே பெயிண்ட் நன்றாக இருந்தால் ஒட்டுங்கள், உரித்தால் பழையபடி வந்துவிடும். பழுதான பெயிண்ட் மேல் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். நிறம் மாறினால் ராப்புக்கும் ஆர்.சி. விஷயம் அதேதான்.

என்னிடம் பழைய பியட் இருக்கிறது. கூரையை வெட்டி ஓப்பன் ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கலாமா?

வாரம் ஒருவர் கேட்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

பியட் 1100, பத்மினி போன்றவற்றில் தனிச் சட்டம் கிடையாது, பாடியே சட்டம். கூரை ஒரு மூடி மாதிரித் தெரிந்தாலும் முன்னையும் பின்னையும் இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. வெட்டினால் நடு இறங்கும். முதல் அறிகுறி, கதவு மூடாது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் கதவு தானே திறக்கும். விபத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கதை வேறு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காருக்குத் தனிச் சட்டம் உண்டு, கூரையும் போல்ட் போட்டு மாட்டியதுதான். மூல வடிவத்திலேயே திறந்த மாடல் இருந்தது. கழற்றினால் திரும்ப மாட்டலாம். நான் எந்த மாற்றத்துக்கும் இதையே அளவாக வைத்திருக்கிறேன்: திரும்ப மாட்ட முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். முடியாது என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அதற்குள் ஆசை போய்விடும். எப்படியும் ஹெரால்டிலும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

பாடி கிட், பெரிய ஸ்பாய்லர், அகல ஃபெண்டர்?

பைபர் பாடியில் துளை போட்டு மாட்டும் எதையும் நான் செய்ய மாட்டேன். ஒவ்வொரு துளையும் நாளைய நட்சத்திர விரிசல். முன் பம்பருக்குக் கீழே லிப் வேண்டும் என்றால் ஏற்கெனவே இருக்கும் போல்ட் இடங்களைப் பயன்படுத்திச் செய்யச் சொல்லுங்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் கம்பி போட்டால் அதன் கால்கள் இரும்புச் சட்டத்தில் பதிய வேண்டும். பைபர் தரையில் பதித்த ரோல் பார் அலங்காரம்தான், உயிரைக் காக்காது.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

இந்த மாதிரிக் காருக்கென்று தனி ஸ்பேர் கடை கிடையாது. ஆனால் சின்னக் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. விளக்கு, கைப்பிடி, சுவிட்ச், கண்ணாடி ஏற்றும் மிஷின் போன்றவை வேறு கார்களிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றித் திருப்பி, பின்னால் அச்சான எண்ணைக் குறித்துக்கொண்டு ஜே.சி. ரோட்டில் இறங்குங்கள். பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள், போன் படம் காட்டினால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கையில் கொடுத்தால் கடைக்காரர் திருப்பிப் பார்த்து, மேல் அட்டத்திலிருந்து தூசியோடு ஒரு டப்பாவை எடுப்பார். அங்கே இல்லையென்றால் சிவாஜி நகர் குஜிரி, பழைய சாமான் சந்தை. அங்கே பெரும்பாலும் பாய்கள்தான், தக்னி உருது வராவிட்டாலும் தமிழிலேயே பேசலாம்.

கதவு ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங் மட்டும் பழையது வாங்காதீர்கள். ரப்பர் கடையில் வெட்டுமுகம் பொருந்தும் புதுசை மீட்டர் கணக்கில் வாங்கலாம். பழைய பீடிங்கில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்துப் போனால் போதும்.

சீட்டுக்கு ரெக்சினா, தோலா?

திறந்த காருக்கு இது நிஜமான கேள்வி, ஏனென்றால் சீட் நேரடி வெயிலிலும் திடீர் மழையிலும் இருக்கும்.

ரெக்சின் என்றால் சாதாரண ரகம் வேண்டாம், இரண்டு கோடையில் வெடிக்கும். படகு சீட்டுக்குப் பயன்படுத்தும், வெயில் தாங்கும் வினைல் கேளுங்கள். விலை கூடுதல், ஆனால் அதுதான் இந்த வேலைக்குச் சரி. தோல் ஆசை என்றால் நமக்கு ஒரு வசதி: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் சென்னை ரோட்டில்தான். நான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆம்பூரில் வாங்கினேன், அவர் வேலூர்க்காரர், தோல் தெரிந்தவர். ஷூ தோலைக் கொடுத்துவிடுவார்கள், கவனம். மேல் பூச்சு உள்ள, 1 முதல் 1.3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தோல் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு ஓரத்தை மடக்கி நகத்தால் கீறுங்கள். பூச்சு உதிர்ந்தால் வேண்டாம். மாமா தோலை முகர்ந்தே இரண்டை ஒதுக்கினார்.

பழைய உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக எண் போட்டு வைத்தால் அதுதான் வெட்டுவதற்கான அச்சு. நான் பிரித்தபோது ஓட்டுநர் சீட்டுக்குள் ஒரு ஹேர்பின்னும் 25 பைசா நாணயமும் கிடைத்தன. 25 பைசா செல்லாமல் போனது 2011இல். அவ்வளவு காலமாக யாரும் அந்த உறையைத் திறக்கவில்லை, அடிச் சட்டம் ஓரத்தில் துருவால் ஊசியாகிவிட்டிருந்தது. அதனால் சொல்கிறேன், குஷன் கடைக்காரரிடம் பழைய உறை மேலேயே புது உறை போடச் சொல்லாதீர்கள். முழுக்க உரித்துச் சட்டத்தை வெல்டிங் பார்த்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, புது ஃபோம் வைத்துத் தைக்க வேண்டும். நூல் பருத்தியாக இருந்தால் மழையில் மக்கும், நைலான் அல்லது பாலியெஸ்டர் கேளுங்கள். சீட் பெல்ட் நாடா எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் புதிது போடுங்கள்.

தரை கார்ப்பெட்?

அடியில் சணல் ஃபெல்ட் விரிப்பு வைக்கவே கூடாது. தண்ணீர் குடித்து மாதக்கணக்கில் வைத்திருக்கும், நாற்றம் வரும், சீட் போல்ட் துருப்பிடிக்கும். தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட் வைத்து, அதன் மேல் கார்ப்பெட்டை ஒட்டாமல், கொக்கி போட்டு மாட்டுங்கள். மழையில் நனைந்தால் கழற்றிக் கொடியில் போடலாம். சத்தம் குறைக்க பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மே மாதம் கார் முழுக்கத் தார் வாசனை.

டாஷ்போர்டை எப்படி மாற்றினீர்கள்?

மேல்பகுதியை அதே கறுப்பில், பளபளப்பு இல்லாத வினைல் போட்டு மூடினேன். மினுக்கும் வினைல் போட்டால் வெயிலில் கண்ணாடியில் பிரதிபலித்து ரோடு தெரியாது. பசை விஷயத்தில், குஷன் கடையில் எஸ்.ஆர். என்று சொல்லும் சூடு தாங்கும் ரகம்தான், சாதாரணப் பசை ஒரே கோடையில் விட்டுவிடும். மீட்டர்களை அப்படியே வைத்தேன். மியூசிக் சிஸ்டத்துக்கு டாஷைப் பெரிதாக வெட்டவில்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் ஆம்ப்ளிஃபயரை மறைத்து, போனிலிருந்து பாட்டு வருகிற மாதிரிச் செய்தேன். நாளைக்கு யாராவது மூல ரேடியோ வைக்க நினைத்தால் இடம் அப்படியே இருக்கிறது.

சாஃப்ட் டாப் (மடக்கும் துணிக் கூரை)?

கேன்வாஸ் நல்லது, வினைல் மலிவு. எதுவானாலும் ஈரத்தோடு மடிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டால் பாலிஷ் போட்டுக் காலம் தள்ளாமல், அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம்?

வேண்டாம். முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் போக வேண்டும் என்பது விதி. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை சொன்ன பிறகு டிராபிக் போலீஸ் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

எவ்வளவு செலவு, எவ்வளவு நாள்?

எனக்கு, கார் வாங்கிய விலையைப் போல இரண்டரை மடங்கு. அதில் கொப்புளம் வந்த முதல் பெயிண்டும் அடக்கம். காலம் மூன்று வருடம்.

பட்டறையில் மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். சட்டம் முடிந்தால் ஒரு பங்கு, பைபர் வேலை முடிந்தால் ஒரு பங்கு, பிரைமர் நிலையில் நீங்கள் டியூப் லைட் பிடித்துப் பார்த்த பிறகு ஒரு பங்கு என்று பேசிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் நேரில் போய் நில்லுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். போகாத வண்டி மூலைக்குத் தள்ளப்படும், அதன் மேல் அடுத்த வண்டியின் பம்பரை வைப்பார்கள். நான் இரண்டு மாதம் போகாமல் இருந்தபோது என் கதவுகள் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஜிப் பையில் போட்டு, பெயர் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ்?

ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. வேலையின் படங்கள், பில்கள் எல்லாம் வைத்திருந்தால் பேச முடியும். செய்த மாற்றங்களை எழுத்தில் சொல்லிவிடுங்கள், மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதுவே காரணமாகிவிடும்.

வின்டேஜ் நம்பர் வாங்கலாமா?

2021இல் வந்த விதிப்படி முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளுக்குத்தான் "விஏ" நம்பர். ஸ்டார்முக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். கூரை, பாடி எல்லாம் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதால் இன்று போடும் துளைகள் அன்று கணக்கில் வரும்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்து நானே வேலை செய்யலாமா?

கழற்றுவது, சுத்தம் செய்வது, ஒயரிங், கார்ப்பெட் எல்லாம் செய்யலாம். பைபர் தேய்ப்பு மட்டும் வேண்டாம். அந்தத் தூள் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் படிந்தால் குழந்தைக்கெல்லாம் அரிக்கும். எங்கள் தெருவில் இது நடந்து, அம்மா நாலு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தேய்ப்பு எல்லாமே பட்டறையில்தான்.

மழைக்காலத்தில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

காற்றுப் போகும் துணி உறை. பிளாஸ்டிக் தார்பாய் போட்டால் உள்ளே வேர்த்துவிடும். வாரம் ஒரு முறை உறையை எடுத்து, டாப்பை ஏற்றிய நிலையிலேயே ஜன்னலை ஒரு விரல் இறக்கி இரண்டு மணி நேரம் விடுவேன். கதவின் அடியிலும் டாப் மடியும் இடத்திலும் இருக்கும் வடிகால் ஓட்டைகளில் ஒரு ஈர்க்குச்சியை விட்டு ஆட்டுவேன். போன அக்டோபரில் இடது பக்க ஓட்டையிலிருந்து எங்கள் தெரு மரத்தின் பூ ஒரு கைப்பிடி வந்தது.